கண் தெரியாததற்கு மார்க் குறைத்தால் அது மறதி ஆகுமா? – கேள்வி பதில்

பார்வை குறைந்த முதியவர்களின் நினைவாற்றலைச் சோதிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, இந்தச் சோதனைகளைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் உளவியலாளர் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவு பற்றிக் கேட்டவர்கள் உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.

மதுரை வாசகி: அம்மாவுக்கு 74 வயது. கண் அழுத்த நோயால் பார்வை பெரும்பகுதி போய்விட்டது. எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் சோதனையில் 30க்கு 19. மறதி நோய் தொடங்கிவிட்டது என்றார்கள். உண்மையா?

அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். 1975இல் வந்த இந்தச் சோதனையில் எட்டு மதிப்பெண் பார்வையை நம்பியிருக்கிறது. கடிகாரத்தையும் பென்சிலையும் காட்டிப் பெயர் கேட்பது 2, காகிதத்தை எடுத்து மடித்து வைக்கச் சொல்வது 3, எழுதியிருப்பதைப் படித்து அதன்படி செய்வது 1, ஒரு வாக்கியம் எழுதுவது 1, பின்னிக்கிடக்கும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது 1. இந்த எட்டையும் நீக்கி 22க்கு மதிப்பிடும் முறை இருக்கிறது. உங்கள் அம்மா இந்த எட்டில் எதையுமே பெறவில்லை என்றால், அவர் வாங்கியது 22க்கு 19. முப்பதுக்கு 19 சொல்லும் செய்தி வேறு, இது சொல்லும் செய்தி வேறு.

ஒருமுறை, வேறோர் இடத்தில் 'பெயர் சொல்லத் தெரியவில்லை' என்று குறிக்கப்பட்ட பாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். கைக்கடிகாரத்தை அவர் உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவினார், காதருகே கொண்டுபோனார். "சாவி கொடுக்கிற பழைய கடிகாரம். வார் புதுசு" என்றார். அவருக்கு முன்பு போட்டிருந்த பூஜ்யத்தை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது.

தேதி தவறினாலும் காரணம் பாருங்கள். நாள்காட்டியும் செய்தித்தாளும் கண்ணில் படாதவர் தேதியை எங்கிருந்து பிடிப்பார்? 'புரட்டாசி இரண்டாம் சனி' என்று சரியாகச் சொல்கிறவருக்குக் காலம் தெரிகிறது என்றுதான் பொருள்.

திருச்சி வாசகர்: நினைவாற்றலைச் சோதிக்கும் இன்னொரு 30 மதிப்பெண் சோதனையான மோக்காவுக்குப் பார்வையற்றோருக்கான வடிவம் உண்டா? நானே அப்பாவுக்கு நடத்தலாமா?

உண்டு. படம் பார்ப்பதும் வரைவதும் நீக்கப்பட்டு 22 மதிப்பெண். 18 அல்லது அதற்கு மேல் இயல்பு. நீங்கள் நடத்தாதீர்கள், அதற்குப் பயிற்சி வேண்டும். காது சரியாகக் கேட்கிறதா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். வாயால் கேட்கும் சோதனையில் காது மந்தமும் மறதியாகவே பதிவாகும்.

கோவைப் பொறியாளர்: 22க்கு வந்ததை விகிதப்படி 30க்கு மாற்றிக்கொண்டால் போதுமே?

போதாது. மோக்காவில் ஐந்து சொற்களைச் சற்று நேரம் கழித்து நினைவுகூர வேண்டும். ஒருவர் அந்த ஐந்தை மட்டும் இழந்தால் 22க்கு 17. உங்கள் விகிதப்படி 30க்கு 23. பார்வை இருந்து, நீக்கப்பட்ட எட்டு மதிப்பெண் பகுதியையும் சரியாகச் செய்திருந்தால் 25 வாங்கியிருப்பார்.

அதே வாசகர்: இரண்டு மதிப்பெண்தானே வித்தியாசம்? பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட 30 வேண்டுமே.

எதிர்த்திசையிலும் பாருங்கள். கடிகாரம் வரைவதும் எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றி இணைப்பதும் திட்டமிடும் திறனைச் சோதிக்கின்றன. மூளை இரத்தக்குழாய்ப் பாதிப்பில் நினைவு ஓரளவு நிற்கும்போதே இந்தத் திறன் சரியலாம். அப்படிப்பட்டவருக்கு 22க்கு 21 வந்தால், நீங்கள் 30க்கு 29 என்று எழுதி வீட்டுக்கு அனுப்புவீர்கள். சோதிக்காத ஒன்றுக்கு மதிப்பெண் போடும் உரிமை நமக்கு இல்லை. ஒப்பிட வேண்டுமென்றால் பழைய தாளிலும் அதே எட்டை நீக்கி, 22ஐ 22ஓடு வையுங்கள்.

சேலம், பார்வையிழந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்: எங்களுக்கு நினைவாற்றல் கூடுதல். இந்தச் சோதனையே வேண்டாம் என்கிறேன்.

ஐயா, பிறவியிலேயே பார்வையற்றவர்கள் எண் வரிசையை நினைவில் வைப்பதில் பார்வையுள்ளவர்களை மிஞ்சுவது ஆய்வுகளில் தெரிந்ததுதான். எழுபது வயதில் பார்வை போனவருக்கு அந்தப் பயிற்சி கிடையாது. சோதனையே வேண்டாம் என்றால், உண்மையில் நோய் தொடங்கியவரை 'கண் தெரியாததால் தடுமாறுகிறார்' என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவோம். அந்தக் கொடுமையையும் பார்த்திருக்கிறேன்.

நெல்லை வாசகி: அப்பாவுக்கு 81. விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. மாலையில் மஞ்சள் பாவாடை கட்டிய சிறுமிகள் கூடத்தில் நிற்கிறார்கள் என்கிறார். பேசுவதில்லையாம். மந்திரிக்கச் சொல்கிறார்கள்.

மந்திரிக்க வேண்டாம். அவரிடம் ஒன்று கேளுங்கள்: "அவர்கள் நிஜமாக இருக்கிறார்களா அப்பா?" 'இல்லை, தெரிகிறது, அவ்வளவுதான்' என்றால் சார்லஸ் போனே நோய்க்குறியாக இருக்கலாம். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் வரைகிறது. 1760இல் சுவிஸ் அறிஞர் போனே தன் தாத்தாவுக்குத் தோன்றிய காட்சிகளைப் பதிவுசெய்தார். தாத்தாவுக்குக் கண்புரை இருந்தது, அறிவு தெளிவாக இருந்தது. 'பைத்தியம் என்பார்களோ' என்று பயந்து இதை மறைக்கும் முதியவர்கள் ஏராளம். உங்கள் அப்பா சொன்னதே நல்லது.

ஆனால் உருவங்களை நிஜமென நம்புவது, ஒருநாள் தெளிவு ஒருநாள் குழப்பம், நடை மெதுவாவது, தூக்கத்தில் கனவுக்கேற்பக் கை கால் வீசுவது என்று சேர்ந்து வந்தால் லூயி பாடி மறதி நோயாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரிடம் போகும்வரை, மாயத்தோற்றத்துக்கென யாரும் தரும் மாத்திரையைக் கொடுக்காதீர்கள். ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் இந்நோயாளிகளுக்கு உயிராபத்தாகக்கூடும்.

ஈரோடு: மாமியாருக்குக் கண்புரை, 30க்கு 20... தஞ்சாவூர்: பெரியப்பாவுக்கு 30க்கு 18, வரையவில்லை...

முதல் பதிலைப் படியுங்கள். தாளை வாங்குங்கள். இதே கேள்வி இன்னும் ஒன்பது வந்திருக்கிறது. ஒன்பதுக்கும் இதே பதில். கண்ணாடி இருந்தும் போடாமல் சோதனைக்கு உட்கார வைத்திருந்தால் அந்த மதிப்பெண்ணை அப்படியே ஒதுக்குங்கள்.

காரைக்குடி வாசகர்: கண்புரை அறுவைக்குப் பின் நினைவு திரும்புமா?

போனதைத் திருப்பும் என்று வாக்குத் தரமாட்டேன். ஆனால் 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம், கவனிக்காமல் விட்ட பார்வைக் குறைவை மறதி நோயின் தவிர்க்கக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளில் ஒன்றாகச் சேர்த்தது. தள்ளிப்போடாதீர்கள்.

வேலூர் வாசகர்: மூன்று கண்ணாடி மாற்றியும் அண்ணனுக்குப் படிக்கும்போது வரி பிடிபடவில்லை. கண் நன்றாக இருக்கிறது என்கிறார்கள்.

மூளையின் பின்பகுதி தேய்ந்தாலும் இப்படி வரும். நரம்பியல் மருத்துவரிடம் போங்கள், இந்த மாதமே.

மதுரை வாசகி மீண்டும்: தாளைப் பார்த்தேன். எட்டும் பூஜ்யம். ஆனால் அம்மா சாம்பாரில் உப்புக்குப் பதில் சர்க்கரை போட்டாரே?

சமையலறையை யாராவது அடுக்கினீர்களா? அவருக்கு டப்பாவின் இடம்தான் அதன் பெயர். எல்லாவற்றையும் பழைய இடத்தில் வைத்து, உப்பு டப்பா மூடியில் ஒரு ரப்பர் வளையம் போட்டு, அவர் விரலை அதன்மேல் வைத்துக் காட்டுங்கள். இரண்டு வாரம் கழித்து எனக்கு எழுதுங்கள்.