லேவுக்கு சைக்கிள்: மாத்திரை போதுமா?

கேள்வி: வயது 41, புதுச்சேரி முத்தியால்பேட்டை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். வாரத்தில் நான்கு நாள் ஈ.சி.ஆரில் 60 கி.மீ. சைக்கிள் மிதிப்பேன், மூச்சு வாங்காது. செப்டம்பரில் நண்பர்களோடு மணாலியிலிருந்து லேவுக்கு மலைச் சைக்கிளில் போகிறோம். டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் மலை நோய் (உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலி, குமட்டல்) வராது என்கிறார்கள். உண்மையா?

பதில்: உங்கள் கால்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ராத்திரி எங்கே படுக்கப் போகிறீர்கள் என்பதுதான் கவலை.

வழியில் வரும் தாங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே காற்றழுத்தம் நம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான், அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. உடம்பு அதற்குப் பழகும், ஆனால் நாள் எடுக்கும். ஈ.சி.ஆர். பயிற்சி அந்தப் பழக்கத்தைத் தராது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் தொடைக்குத்தான் நல்லது. சொல்லப்போனால், நன்றாக மிதிப்பவர்கள்தான் வேகமாக ஏறி மாட்டிக்கொள்கிறார்கள்.

3,000 மீட்டர் தாண்டியபின், படுக்கும் இடம் முந்தின இரவைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. பகலில் அதற்கு மேலே ஏறி இறங்கலாம். உங்கள் வழியில் இடிப்பது சர்ச்சு. அதற்கு முன்னே தங்கும் ஜிஸ்பா சுமார் 3,200 மீட்டர். பலரும் அடுத்துக் கூடாரம் போடும் சர்ச்சு 4,300-ஐ நெருங்கும். நடுராத்திரியில் தலை பிளக்கும், குமட்டும். சரி, இறங்கிவிடலாம் என்றால், திரும்பினால் பாராலாச்சா லா கணவாய், முன்னே போனால் காட்டா மலைப்பாதையின் 21 வளைவுகள். இரண்டு பக்கமும் ஏற்றம்! அதனால் ஜிஸ்பாவில் இரண்டு இரவு, நடுவில் வரும் பட்சியோ பக்கம் ஒரு இரவு தங்கிவிட்டுப் போங்கள்.

தலைவலி இருக்கும்போது மேலே ஏறாதீர்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒருவருக்கு மூச்சு வாங்கினாலோ, குதிகாலை விரலோடு ஒட்டி நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தள்ளாடினாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் வண்டி பிடித்து இறக்குங்கள்.

டயமாக்ஸ் உதவும், மெதுவாக ஏறுவதற்கு அது மாற்று அல்ல. வழக்கமாக 125 மி.கி. காலை, இரவு, ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து. விரல் நுனி மரத்துப்போகும், சோடா சப்பென்று இருக்கும், பயப்பட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது. அப்புறம், உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை எழுதவில்லையே? சிலவற்றில் சிறுநீரை அதிகமாக்கும் மருந்தும் சேர்ந்திருக்கும். அதோடு டயமாக்ஸும் சேர்ந்தால் பொட்டாசியம் குறையலாம். மாத்திரை அட்டையோடு உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.