வாசகர் கேள்வி–பதில்: கன்னியாகுமரிக்குக் கடற்கரை வழியா, நாலுவழிச் சாலையா?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறேன், வயது 24. ஜனவரி கடைசியில் நாலு நாள் லீவு சேர்ந்து வருகிறது. நானும் நண்பனும் ஒரே 125 சிசி பைக்கில் கன்னியாகுமரி போய் வரலாம் என்று இருக்கிறோம். திருச்சி, மதுரை வழியாக நாலுவழிச் சாலையில்தான் போக வேண்டும் என்கிறார் அப்பா. நாகப்பட்டினம், ராமநாதபுரம் என்று கடலை ஒட்டியே போகலாம் என்கிறான் நண்பன். விடியற்காலை மூணு மணிக்குக் கிளம்பினால் ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா? எந்த வழி நல்லது?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தம்பி, முதலில் அந்த மூணு மணி யோசனையை விட்டுவிடுங்கள். ஜனவரி கடைசியில் சிதம்பரம் தாண்டிவிட்டால் சம்பா அறுவடை நேரம். சாலையில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருப்பார்கள், ஓரத்தில் கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், வைக்கோல் பனியில் ஊறிக் கிடக்கும். ஒரு தை மாதம் சீர்காழிக்குக் கொஞ்சம் முன்னால், இன்னும் விடியாத நேரத்தில், அப்படிப்பட்ட வைக்கோல் மேல் பிரேக் பிடித்து நான் விழுந்திருக்கிறேன். வேகம் நாற்பதுகூட இல்லை. முழங்கையில் விரிசல், ஆறு வாரம் கட்டு. அன்றிலிருந்து வெளிச்சம் வராமல் நான் வண்டியை எடுப்பதில்லை. நீங்களும் ஆறரை மணிக்குக் கிளம்புங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது வழி. தூரத்தைப் பார்த்து முடிவு செய்யவே முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. விருத்தாசலம், தொழுதூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி என்று போனால் சுமார் 550 கிலோமீட்டர். சிதம்பரம், காரைக்கால், நாகை, ராமநாதபுரம், தூத்துக்குடி, திருச்செந்தூர் என்று போனால் 600-ஐ ஒட்டி வரும். நேரம்தான் மாறும். கடற்கரைச் சாலை பெரும்பாலும் இருவழி. வளைவு, ஊர், ஆட்டு மந்தை, ரயில்வே கேட் என்று மணிக்கு நாற்பது கிலோமீட்டர் சராசரி வந்தாலே நல்ல ஓட்டம். எந்த வழியாக இருந்தாலும் 125 சிசி வண்டியில் இரண்டு பேர் ஒரே நாளில் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்காதீர்கள். கடைசி நூறு கிலோமீட்டரில் கண் திறந்திருந்தாலும் மூளை வேலை செய்யாது.

உங்களுக்கு நாலு நாள் இருக்கிறது, அதனால் அப்பா பேச்சையும் கேட்கலாம், நண்பன் பேச்சையும் கேட்கலாம். போகும்போது கடற்கரை, திரும்பும்போது நாலுவழிச் சாலை. இதை மாற்றிச் செய்யாதீர்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். போகும்போது உடம்பில் தெம்பு இருக்கும், நின்று நின்று போக மனசு இருக்கும். திரும்பும்போது இடுப்பு வலியும் வேலைக்குப் போகும் நினைப்பும்தான் இருக்கும், அப்போது எத்தனை மணிக்கு வீடு சேர்வோம் என்று கணக்குப் போட முடிகிற சாலை வேண்டும்.

முதல் நாள் ராமநாதபுரம் வரை, சுமார் 350 கிலோமீட்டர். கடலூரில் டேங்கை நிரப்பாமல் காரைக்கால் வரை போகிற அளவுக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, நம் பக்கத்தைவிடப் பெட்ரோல் விலை குறைவு, அங்கே நிரப்பலாம். திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டியதும் மனோரா வரும், 1814-15-ல் இரண்டாம் சரபோஜி மன்னர் கடற்கரையில் கட்டிய கோபுரம். மதியம் கொஞ்சம் காலை நீட்ட நல்ல இடம். அதற்கப்புறம் மீமிசல், தொண்டி பக்கம் சாலை காலியாக இருக்கும், கை முறுக்கச் சொல்லும். முறுக்காதீர்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், எந்தப் புதரிலிருந்து ஆடு வரும் என்று தெரியாது. அந்த முள் டயரையும் பதம் பார்க்கும், அதனால் டியூப்லெஸ் டயராக இருந்தால் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றுப் பம்பும் கையோடு வேண்டும். டியூப் டயர் என்றால் ஒரு புது டியூப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பஞ்சர் கடைக்காரரிடம் உங்கள் அளவு இருக்கும் என்று நம்பாதீர்கள்.

இரண்டாம் நாள் ராமநாதபுரத்திலிருந்து கன்னியாகுமரி, சுமார் 250 கிலோமீட்டர். சாயல்குடிக்கும் தூத்துக்குடிக்கும் நடுவில் பங்க்கும் டீக்கடையும் குறைவு, டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். திருச்செந்தூரிலிருந்து உவரி, கூடங்குளம் வழியாகப் போகும் சாலை தென்மேற்காக இறங்குகிறது, சாயங்காலம் போனால் வெயில் நேரே முகத்தில் அடிக்கும். மூணு மணிக்குள் திருச்செந்தூரைத் தாண்டிவிடுங்கள். ராத்திரி அறையில் செயினைத் துடைத்து எண்ணெய் போட மறக்க வேண்டாம். இரண்டு நாள் உப்புக்காற்றும் மணலும் தின்ற செயின் அது.

ராமேஸ்வரம் போகலாமா என்று கேட்பீர்கள். ராமநாதபுரத்திலிருந்து போக 55, வர 55, தனுஷ்கோடி அரிச்சல்முனையையும் சேர்த்தால் ஒரு நாள் முழுக்க ஓடிவிடும். இந்தத் தடவை வேண்டாம், அது தனியாகப் போக வேண்டிய ஊர்.

மூணாம் நாள் கன்னியாகுமரியிலிருந்து திருச்சி, 380 கிலோமீட்டர். இரு சக்கர வாகனத்துக்கு டோல் கிடையாது, சாலையும் நன்றாக இருக்கும். ஆனால் கயத்தாறு, கோவில்பட்டி, சாத்தூர் என்று கரிசல் காட்டில் நேர்கோடாகப் போகும்போது தூக்கம் வரும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஆளை மாற்றுங்கள். ஊர் வரும் இடங்களில் எதிர்த்திசையிலேயே வரும் பைக்குகளும் டிராக்டர்களும்தான் அங்கே பெரிய ஆபத்து, பகலிலும் முகப்பு விளக்கு எரியட்டும். நாலாம் நாள் தொழுதூரில் பிரிந்து திட்டக்குடி, பெண்ணாடம், விருத்தாசலம், வடலூர் வழியாக வீடு. அந்தப் பாதை கிழக்கு நோக்கி வருவதால் மதியத்துக்கு மேல் வந்தால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும், கண்ணுக்கு எவ்வளவு சுகம் என்று அப்போது தெரியும்.

லீவு டிசம்பருக்கு மாறினால் மட்டும் இந்தத் திட்டத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணிக் கரையில் சாலைகளே அறுந்துபோயின. ஆனி, ஆடியில் போவதாக இருந்தாலும் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்: காவல்கிணறு, முப்பந்தல் பக்கம் காற்றாலை நட்டிருக்கும் இடத்தில் பக்கவாட்டுக் காற்று லேசான பைக்கை அடுத்த தடத்துக்கே தள்ளும்.

கேள்வி: எனக்கு வயது 38, ஸ்கூட்டரில் செஞ்சி, திருவண்ணாமலை வரை தனியாகப் போய் வந்திருக்கிறேன். முதல் முறையாக மலை ஏற ஆசை. கொல்லிமலையா, ஏற்காடா?
— வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: ஏற்காடு, சந்தேகமே இல்லை. சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, இறங்குவதைப் பற்றித்தான். கியர் வண்டி என்றால் இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு, எல்லாப் பாரமும் பிரேக்கில்தான். விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் பிரேக் சூடேறி, ஒரு கட்டத்தில் அழுத்தினாலும் பிடிக்காது. அதனால் இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள், ஐந்தாறு வளைவுக்கு ஒருமுறை பத்து நிமிடம் நிறுத்துங்கள். கிளம்பும் முன் பிரேக் ஷூ தேய்ந்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வெளியிலிருந்து பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். குறுகலான மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, இறங்கும்போது நீங்கள் ஒதுங்கி வழி விட வேண்டும்.

போகும் வழி விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம். அன்றே மலை ஏறாமல் சேலத்தில் தங்கிவிட்டுக் காலையில் ஏறுங்கள். உளுந்தூர்பேட்டை–சேலம் சாலையில் சில புறவழிச்சாலைகள் வெகுகாலம் இருவழியாகவே இருந்தவை. அகன்ற சாலை சட்டென்று சுருங்கினால் எதிரே பஸ் வரும் என்று எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறையுங்கள்.

கேள்வி: திருவண்ணாமலைக்கு மேப் காட்டிய குறுக்கு வழியில் போய், கடைசியில் ஒரு கரும்புக் காட்டுக்குள் நின்றேன். மேப்பை நம்பலாமா, கூடாதா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கூகுள் மேப்பில் இரு சக்கர வாகனத்துக்கென்று தனி வழிகாட்டல் 2017 கடைசியில் நம் நாட்டில் வந்தது. கார் நுழையாத சந்துகளையும் அது காட்டும். ஊருக்குள் அதனால் லாபம், வெளியூர்ப் பயணத்தில் நாலு நிமிடம் மிச்சம் என்று மண்பாதையிலும் இறக்கிவிடும். ஊர்களை நீங்களே முடிவு செய்யுங்கள்: நெல்லிக்குப்பம், பண்ருட்டி, திருவெண்ணெய்நல்லூர், திருக்கோவிலூர், திருவண்ணாமலை. இவற்றை நடுவில் நிற்கும் இடங்களாக மேப்பில் போட்டுவிட்டால் அது வேறு பக்கம் இழுக்காது. அப்புறம் அதே பெயர்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி டேங்க் மேல் ஒட்டிக்கொள்ளுங்கள், போனில் சார்ஜ் தீர்ந்தாலும் வழி கேட்க ஊர்ப் பெயர் இருக்கும்.