லத்தி ஜீப்பிலேயே இருக்கட்டும்

டி.எஸ்.பி.யாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவன் நான். இப்போது மனநல நெருக்கடி என்று அழைப்பு வந்தால் வீடு தேடிப் போகும் குழுவில் இருக்கிறேன். கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

கேள்வி: பிரமோஷன் காத்திருக்கும்போது ஏன் ஐயா விட்டீர்கள்?

ஒரு ராத்திரி, தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பையன். சைரனோடு போய் இறங்கினேன். மைக்கில் "இறங்குடா கீழே" என்றேன். அவன் இன்னும் இரண்டு படி மேலே ஏறினான். கூட வந்த ஏட்டு சைரனை நிறுத்தச் சொன்னார். தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு ஏணியடியில் உட்கார்ந்து, "தம்பி, சாப்ட்டியா?" என்றார். நாற்பது நிமிஷம் பேச்சு, பாதி நேரம் சும்மாவே இருந்தார். பையன் தானாக இறங்கி வந்தான். அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் என் டிரெயினிங்.

கேள்வி: தம்பி மூன்று நாளாகத் தூங்கவில்லை, கத்துகிறான். போலீஸைக் கூப்பிட்டால் லாக்கப்பில் போடுவார்களா?

போடக் கூடாது. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 100: எந்தச் சூழ்நிலையிலும் லாக்கப்போ சிறையோ கிடையாது. 24 மணி நேரத்துக்குள் பக்கத்து அரசு மருத்துவமனையில் காட்டியாக வேண்டும். பிரிவு எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பல ஸ்டேஷனில் ரைட்டருக்கே தெரியாது. (ரொம்ப நாள் எனக்கும் தெரியாது.) அடிதடி, ஆயுதம் இல்லையென்றால் முதலில் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். தமிழில் பேசலாம், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள். கைமீறினால் 112. அப்போது "மனநலப் பிரச்சினை, கையில் எதுவும் இல்லை" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வருகிறவர் லத்தியோடு இறங்குவாரா, சும்மா இறங்குவாரா என்பது அதில் இருக்கிறது.

கேள்வி: தற்கொலைக்கு முயன்றவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கேஸ் ஆகுமா?

பயப்படாமல் போங்கள். அதே சட்டத்தின் 115ஆவது பிரிவு, கடும் மன அழுத்தத்தில் நடந்ததாகவே கருதச் சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவில் இல்லை. அரசு ஊழியரை நிர்ப்பந்திக்கத் தற்கொலைக்கு முயல்வதற்கு மட்டும் அதில் 226ஆவது பிரிவு உண்டு. வீட்டுத் துயரத்துக்கு அது பொருந்தாது.

கேள்வி: லத்தி இல்லாமல் போய்ப் பேசுவதெல்லாம் வெளிநாட்டு வழக்கம்தானே?

பயிற்சி முறை அங்கே உருவானதுதான். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் 1987இல் மனநலம் குன்றிய இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. மறு வருஷமே போலீஸுக்குத் தனிப் பயிற்சி தொடங்கியது, 40 மணி நேரம். அதை முன்னின்று நடத்திய சாம் காக்ரனும் போலீஸ் அதிகாரிதான். ஆனால் பிரச்சினை வெளிநாட்டுடையதா? 2001 ஆகஸ்ட் 6, நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் தீயில் 28 பேர் போனார்கள்.

கேள்வி: காக்கியை விட்டதில் வருத்தம் உண்டா?

சல்யூட் இல்லாதது முதல் மாசம் உறுத்தியது. போன வாரம் ஒரு வீட்டில் அரை மணி நேரம் கதவைத் திறக்கவில்லை. முன்பென்றால் உதைத்துத் திறந்திருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்தேன். கடைசியில் கதவு நாலு விரல்கடை திறந்தது, ஒரு சொம்புத் தண்ணீர் வெளியே நீண்டது.