பழைய பென்சைல் ஆல்கஹாலில் பாதாம் வாடை: பயன்படுத்தலாமா?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக பென்சைல் அசிடேட் தயாரிக்க வேண்டும். லேபில் உள்ள பென்சைல் ஆல்கஹால் எப்போதோ திறந்த பாட்டில். பாதாம் எசென்ஸ் போல வாடை அடிக்கிறது. மூடியைச் சுற்றி வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

பதில்: அப்படியே வேண்டாம், கொட்டிவிடவும் வேண்டாம். சுத்தமான பென்சைல் ஆல்கஹாலின் மணம் மிக லேசானது. நீங்கள் சொல்லும் வாடை பென்சால்டிஹைடுடையது. திறந்த பாட்டிலில் காற்று பட்டு ஆல்கஹால் மெல்ல ஆல்டிஹைடாகிறது. அது மேலும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொண்டு பென்சோயிக் அமிலமாகிவிடும். மூடியில் படிந்திருப்பது அநேகமாக அந்த அமிலம்தான். சுரண்டியெடுத்து உருகுநிலை பாருங்கள், 122 டிகிரியை ஒட்டி வரும்.

ஆல்டிஹைடை 2,4-டிஎன்பி (2,4-டைநைட்ரோஃபினைல்ஹைட்ரசீன் என்னும் சோதனைக் கரைசல்) காட்டிக்கொடுக்கும். ஆரஞ்சு வீழ்படிவு திரளாக விழுந்தால் சுத்தம் செய்தே ஆக வேண்டும். லேசான கலங்கல் புதிய பாட்டிலிலும் வரலாம், அதனால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரே காய்ச்சி வடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பென்சால்டிஹைடின் கொதிநிலை 179, ஆல்கஹாலுடையது 205 என்பதால் அது சுலபமாகத் தோன்றும். ஆனால் அமிலத்தை நீக்காமல் சூடாக்குவது தவறு. அமிலம் இருக்க, பென்சைல் ஆல்கஹால் டைபென்சைல் ஈதராகவும் பிசினாகவும் மாறக்கூடியது. வலிமையான அமிலமும் இரும்பும் கலந்திருந்தால் வெப்பம் கட்டுமீறவும் கூடும்.

ஆகவே முதலில் கழுவுங்கள். பெராக்சைடு இல்லாத ஈதரில் கரைத்து, செபரேட்டரி ஃபனலில் (அடியில் குழாய் உள்ள பிரிபுனல்) சோடியம் பைகார்பனேட் கரைசலோடு குலுக்குங்கள். வாயு கிளம்பும், அடிக்கடி குழாயைத் திறந்து விடுங்கள். பிறகு செறிவான சோடியம் பைசல்ஃபைட் கரைசல். இதில் அவசரப்படாதீர்கள், நன்றாக நேரம் எடுத்துக் குலுக்க வேண்டும். ஆல்டிஹைடு அதோடு சேர்ந்து வெள்ளைத் திண்மமாகப் பிரியும், வடிகட்டி விடுங்கள். மீண்டும் ஒரு பைகார்பனேட் கழுவல், கடைசியில் உப்புக் கரைசல்.

உலர்த்த கால்சியம் குளோரைடைத் தொடாதீர்கள். அது ஆல்கஹாலையே பிடித்து வைத்துக்கொள்ளும். நீரற்ற பொட்டாசியம் கார்பனேட் போதும். ஈதரை நீக்கிவிட்டு வாக்குவத்தில், அதாவது குறைந்த அழுத்தத்தில், வடியுங்கள்: 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் சுமார் 93 டிகிரியில் கொதிக்கும். பிளாஸ்க் வறளும்வரை வடிக்க வேண்டாம்.

இத்தனை மெனக்கெடல் எதற்கு என்றால், மல்லிகை மணத்தின் முக்கியக் கூறுகளில் ஒன்று நீங்கள் செய்யப்போகும் பென்சைல் அசிடேட். ஆல்டிஹைடு கொஞ்சம் தங்கினாலும் பாதாம் வாடை அந்த மணத்தைக் கெடுத்துவிடும். அசிட்டிக் அன்ஹைட்ரைடைச் சற்றே அதிகமாக எடுத்து, ஆல்கஹால் தீரும்வரை வினையை நடத்துங்கள். எஸ்டரின், அதாவது பென்சைல் அசிடேட்டின், கொதிநிலை சுமார் 213, ஆல்கஹாலுக்கு மிக அருகில். ஆல்கஹால் மிஞ்சினால் வடித்துப் பிரிப்பது பெரும்பாடு.

சுத்தமாக்கிய ஆல்கஹாலைச் சிறு பழுப்பு பாட்டில்களில் நிறைத்து, நைட்ரஜன் இருந்தால் ஊதி மூடி, திறக்கும் தேதியை லேபிளில் எழுதிவையுங்கள்.