ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, இணையம் வரவில்லை. ஏன்?

கம்ப்யூட்டருக்கு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண், கொடுப்பது வீட்டு ரவுட்டர்தான். பெரும்பாலும் அது 192.168 என்று தொடங்கும். கம்ப்யூட்டர் கேட்டும் ரவுட்டரிடமிருந்து பதில் வராவிட்டால், விண்டோஸ் தானாகவே 169.254 வரிசையில் ஒன்றை வைத்துக்கொள்ளும். கிளினிக்கில் டோக்கன் வாங்காமல் நாமே ஒரு நம்பர் எழுதிக்கொண்டு உட்கார்ந்த மாதிரிதான். யாரும் கூப்பிட மாட்டார்கள்.

முதலில் ரவுட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் கேபிளைப் பாருங்கள். முனையிலுள்ள பிளாஸ்டிக் கொக்கி உடைந்திருந்தால் 'கிளிக்' என்று உட்காராது, லேசாக இழுத்தாலே கழன்றுவரும். இதைத்தான் பலர் பார்ப்பதே இல்லை. சரியாக இருந்தால் ரவுட்டரை அணைத்து, 30 விநாடி கழித்துப் போட்டு, 2 நிமிடம் விடுங்கள். போனில் நெட் ஓடி கம்ப்யூட்டரில் மட்டும் வராவிட்டால், கம்ப்யூட்டரை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகமான நெட்வொர்க் அடாப்டரை விண்டோஸில் டிசேபிள் செய்து திரும்ப எனேபிள் செய்யுங்கள்.

வெளியே லைன் அறுந்ததால் 169.254 வருவதில்லை, லைன் அறுந்தாலும் ரவுட்டர் வழக்கமான முகவரியைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.