பாட்டி நேர்ந்துகொண்டால் பேரன் சாமியாராக வேண்டுமா?

வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் நேர்ச்சை பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்திருக்கிற கடிதங்களைப் பார்த்தால், மதுரையைச் சுற்றி எந்த வீட்டிலும் பாட்டிமார் சும்மா இருக்கவில்லை என்று தெரிகிறது. பெயர் போட வேண்டாம் என்று எல்லோரும் கேட்டுக்கொண்டதால் ஊர் மட்டும் போடுகிறேன்.

ஐயா, எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. மாமியார் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போய், 'பேரன் பிறந்தால் சாமியாருக்கு விடுகிறேன்' என்று நேர்ந்துகொண்டார். மறுவருடமே பையன் பிறந்தான். இப்போது பிளஸ் டூ முடித்துவிட்டு பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் சேர வேண்டும் என்கிறான். மாமியார் சாப்பிடாமல் படுத்துக்கொள்கிறார். போன வாரம் பையன் வண்டியிலிருந்து விழுந்து கையில் சிராய்ப்பு. 'பார்த்தியா, அருளானந்தர் கேட்கிறார்' என்கிறார். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கருமாத்தூர்

அம்மா, பதினெட்டு வயதுப் பையன் வண்டியிலிருந்து விழுவதற்கு எந்தப் புனிதரும் காரணமாக வேண்டியதில்லை. ரோட்டில் கிடக்கிற மணல் போதும். இதை முதலில் மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், பக்குவமாக.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1983ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 1193ஆம் எண் இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். மெழுகுதிரி ஏற்றுகிறேன், நடந்து வருகிறேன், மொட்டை போடுகிறேன் என்று உங்கள் மாமியார் தன் தலையை வைத்து நேர்ந்திருந்தால் அவர் செய்தாக வேண்டும். அடுத்தவன் ஆயுளை வைத்து நேர முடியாது, அவன் சொந்தப் பேரனாக இருந்தாலும். 1026ஆம் எண் இன்னும் கறாராகப் பேசுகிறது. குருப்பட்டம் பெறுகிறவர் முழு விருப்பத்தோடு வர வேண்டும், எந்தக் காரணத்துக்காகவும் எந்த விதத்திலும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. பாட்டி பட்டினி கிடப்பதும் 'எந்த விதத்திலும்' என்பதில் அடங்கும் என்பது என் கருத்து.

மாமியார் பைபிளில் வருகிற அன்னாவை இழுப்பார், பாருங்கள். அன்னா நேர்ந்துகொண்டு சாமுவேலைக் கோயிலில் விட்டாரே என்பார். விட்டார், சரி. ஆனால் அதற்கு அப்புறம் என்ன நடக்கிறது? கடவுள் 'அன்னா மகனே' என்று கூப்பிடவில்லை. ராத்திரியில் 'சாமுவேல், சாமுவேல்' என்று அவன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், அதுவும் அவனுக்குப் புரிகிற வரைக்கும் திரும்பத் திரும்ப. அம்மா கொண்டுவந்து விட்டது ஒரு கதை, கடவுள் கூப்பிட்டது வேறு கதை.

நேர்ந்துகொண்டது ஓரியூரில் என்பதால் அந்த அருளானந்தர் கதையையே சொல்கிறேனே. லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் டி பிரிட்டோதான் நம் அருளானந்தர். சின்னப் பையனாக இருக்கும்போது சாகக் கிடந்தார். அவருடைய அம்மா புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். என்னவென்று? பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபைத் துறவிகளின் அங்கியை அவனுக்குப் போட்டுவிடுகிறேன் என்று. அவ்வளவுதான், ஒரு வருடம், ஒரு அங்கி. பையனும் போட்டுக்கொண்டு அரண்மனையெல்லாம் சுற்றினான். நேர்ச்சை அதோடு முடிந்தது. பதினைந்து வயதில் சபையில் சேர்ந்தது அவராக எடுத்த முடிவு. அப்புறம் 1673இல் இந்தியாவுக்குக் கிளம்பியபோது அதே அம்மாதான் போகவிடாமல் தடுக்கப் பெரிய இடங்களில் எல்லாம் போய் நின்றார். அவர் கேட்கவில்லை. வந்தார், மறவர் நாட்டில் உழைத்தார், 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டார். அம்மா சொல்லியும் கேட்காமல் வந்த ஒருவரிடம் போய், பாட்டி சொன்னதைக் கேட்கச் சொல்லி ஒரு பையனை நீங்கள் கட்டாயப்படுத்துங்கள் என்று கேட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதக் காரணம் இருக்கிறது. நானும் சாமியாராகப் படிக்கக் குருமடத்தில் மூன்று வருடம் இருந்தவன். எங்கள் அம்மா நேர்ந்தெல்லாம் கொள்ளவில்லை, ஆனால் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அது இல்லை என்று தெரிந்த பிறகும் ஒன்றரை வருடம் அந்தத் தெருவுக்காகவே அங்கே இருந்தேன். கடைசியில் அதிபர் தந்தை அவராகவே கூப்பிட்டு, 'தம்பி, நீ யாருக்காக இங்கே இருக்கிறாய்?' என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தகரப் பெட்டியோடு பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, வீட்டுக்குப் போகப் பயந்து, இருட்டுகிற வரைக்கும் டீ குடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அம்மா இரண்டு மாதம் பெரிய பூசைக்கு வரவில்லை, ஆறு மணிப் பூசைக்கு வந்து கடைசித் தூண் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார். உங்கள் பையனுக்கு அந்த பஸ் ஸ்டாண்ட் வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். மாமியாரை உங்கள் பங்குத்தந்தையிடம் அழைத்துப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேண்டாம், கிழமை நாளில் காலைப் பூசை முடிந்ததும் போங்கள். இப்படித் தனியாளாகச் செய்த நேர்ச்சையிலிருந்து விடுவிக்கவும் அதை வேறொன்றாக மாற்றிக் கொடுக்கவும் பங்குத்தந்தைக்கே அதிகாரம் உண்டு. அந்தப் பையனைக் கட்டாதுதான், ஆனாலும் கிழவியின் மனசைக் கட்டிப் போட்டிருக்கிறது இல்லையா, அதை அவிழ்க்க ஒரு சாமியார் வாயால் வார்த்தை வர வேண்டும். நீங்களோ நானோ சொன்னால் நிற்காது. குருமடத்தில் படிக்கிற ஏதாவது ஒரு ஏழைப் பையனுக்கு வருடத்துக்கு ஒரு மூட்டை அரிசி என்று மாற்றிக் கொடுத்தால் மாமியார் எழுந்து உட்கார்ந்துவிடுவார் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு ஒரே மகள். பி.காம். முடித்துவிட்டு மடத்தில் சேரப் போகிறேன் என்கிறாள். அவள் அப்பா பேச்சை நிறுத்தி ஒரு மாதம் ஆகிறது.
- ஒரு தாய், மேலூர்

மேலே உள்ள கடிதத்தையும் உங்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். அங்கே தள்ளுகிறார்கள், இங்கே பிடித்து இழுக்கிறார்கள்.

அப்பாவுக்கு ஒரு விஷயம் தெரிந்தால் கோபம் பாதி இறங்கும் என்று நினைக்கிறேன். மகள் நாளைக்குப் போய் நாளை மறுநாள் சிஸ்டராகிவிடப் போவதில்லை. முதலில் இறையழைத்தல் முகாம், 'வந்து பார்' என்று கூப்பிடுவார்கள். அதற்குப் பிறகு சபையோடு தங்கிப் பழகுகிற காலம். பின்பு நவதுறவு என்கிற பயிற்சிக் காலம், இது பன்னிரண்டு மாதத்துக்குக் குறையக் கூடாது. அது முடிந்தால் முதல் வார்த்தைப்பாடு, அதாவது துறவு வாக்குறுதி, அதுவும் தற்காலிகம்தான், மூன்று முதல் ஆறு வருடம் வரை புதுப்பித்துக்கொண்டே போவார்கள். அந்தக் காலக்கெடு முடிகிறபோது 'எனக்கு இது இல்லை' என்று எழுந்து வந்தால் யாரும் தடுக்க முடியாது. நித்திய வார்த்தைப்பாடு அதற்கும் பிறகு. எல்லாம் சேர்த்தால் எட்டு, ஒன்பது வருடம் ஆகிவிடும். நாம் மாப்பிள்ளை வீட்டாருக்கு எத்தனை நாள் கொடுக்கிறோம்? பெண் பார்த்து மூன்றாம் மாதம் மண்டபம் பேசிவிடுகிறோம்.

'வயதான காலத்தில் எங்களை யார் பார்ப்பது' என்று கடிதத்தின் கடைசியில் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும். அது சுயநலம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பெற்றோர் பிள்ளையின் உதவி இல்லாமல் வாழவே முடியாத நிலையில் இருந்தால் அவர்களை விட்டுவிட்டுத் துறவுக்குப் போகக் கூடாது என்று புனித தோமா அக்குவினாஸ் தெளிவாக எழுதியிருக்கிறார். இத்தனைக்கும் அவர் துறவுக்குப் போகக் கூடாது என்று சொந்தக் குடும்பமே ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்து அடைத்து வைத்திருந்தது! அப்படிப்பட்டவரே சொல்கிறார். ஆகவே மகளையும் கூட்டிக்கொண்டு அந்தச் சபையின் பொறுப்பாளரிடம் நேராகவே கேளுங்கள். எங்கள் நிலைமை இது, நாளைக்கு முடியாமல் போனால் வீட்டுக்கு வந்து பார்க்க விடுவீர்களா, எத்தனை நாள், எப்படி என்று. முகம் சுளித்தால் வேறு சபை பாருங்கள். சபைகளுக்கா பஞ்சம்!

வரதட்சணைக்குப் பயந்து மடத்துக்கு அனுப்புகிற பேச்சும் சில வீடுகளில் காதில் விழுகிறது. உங்கள் வீடு அப்படி இல்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது, இருந்தாலும் எழுத வாய்ப்பு வந்தபோது எழுதி வைக்கிறேன்.

என் பாட்டி இன்னும் 'பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க' என்றுதான் ஜெபமாலை சொல்கிறார். மறைக்கல்வி வகுப்பில் அது தப்பு என்று என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அவள் போய்ப் பாட்டியைத் திருத்துகிறாள்.
- திருநகர் வாசகர்

தப்பே இல்லை. உங்கள் மகள் சொல்கிற 'அருள் நிறைந்த மரியே வாழ்க' எதுவோ அதுதான் அதுவும். 'பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கியது 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' ஆனது போல. இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைக் குரு நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து தமிழோடு வடமொழியும் படித்தார், படித்தவர்கள் மதிக்கிற மொழியில் வேதம் பேச வேண்டும் என்று நினைத்தார். அந்தக் காலத்து நடை அது. பாவசங்கீர்த்தனம், பூசை, தேவதிரவிய அனுமானம் என்று எல்லாம் அந்த வாசனையோடுதான் இருந்தன. 1962 முதல் 1965 வரை ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு தமிழ் மாறியது, அவற்றின் இடத்தில் முறையே ஒப்புரவு, திருப்பலி, அருளடையாளம் என்று வந்தன. புதியவை எனக்குப் பிடித்திருக்கின்றன, பிள்ளைகளுக்குப் புரிகிறது. ஆனால் 'கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே' என்று ஒரு கிழவி ராகம் இழுத்துச் சொல்லக் கேட்டவர்கள் யாரும் அதைத் திருத்தப் போக மாட்டார்கள். சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபம் சொல்லிப் பழகியவன் நான். பேச்சே நின்று போன பெரியவர்கள்கூட இந்தப் பழைய வார்த்தைகளுக்கு உதட்டை அசைப்பார்கள்.

மகளிடம் சொல்லுங்கள், பாட்டி சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும்.

ஜெபமாலையில் வியாழக்கிழமை எந்த மறையுண்மையைத் தியானிக்க வேண்டும்? அம்மா மகிழ்ச்சி என்கிறார், நான் ஒளி என்கிறேன்.
- செல்லூர்

ஒளி. 2002இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்தது. அதற்கு முன்னால் வியாழனுக்கு மகிழ்ச்சிதான், ஆக அம்மாவும் பொய் சொல்லவில்லை. மகிழ்ச்சியைச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள்.

செல்போனில் லத்தீன் பூசை பார்க்கிறேன். எவ்வளவு அமைதி, எவ்வளவு பயபக்தி! நம் கோயில்களில் கீபோர்டும் டிரம்ஸும்தான். அது நிஜப் பூசை, நம்முடையது சும்மா என்று தோன்றுகிறது. இங்கே ஏன் வைக்க மாட்டேன் என்கிறார்கள்?
- 24 வயது வாசகர், மதுரை

தம்பி, டிரம்ஸ் விஷயத்தில் நான் உங்கள் கட்சி. மற்றதில் கொஞ்சம் பொறுங்கள்.

நீங்கள் பார்ப்பது, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1570இல் ஒழுங்குபடுத்திக் கொடுத்த திருப்பலி நூலின் வழி வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டு ஏடு 1963 டிசம்பர் 4 அன்று வெளியானது. அது லத்தீனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, தாய்மொழிக்கும் கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். பிறகு ஆறாம் பவுல் காலத்தில் புதிய திருப்பலி நூல் வந்தது. பழைய முறையை 2007இல் 16ஆம் பெனடிக்ட் தாராளமாக அனுமதித்தார், 2021இல் பிரான்சிஸ் அதை ஆயரின் அனுமதிக்குள் கொண்டுவந்து இறுக்கினார். ஆகவே உங்கள் பங்குத்தந்தை நினைத்த மாத்திரத்தில் வைக்க முடியாது. இன்னொன்று, பலரும் கவனிக்காதது: இப்போதைய திருப்பலியின் மூலநூலும் லத்தீன்தான், அதை லத்தீனிலேயே வைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. மொழி வேறு, முறை வேறு.

என் அப்பா சின்ன வயதில் பூசை உதவியவர். எழுபது வயதிலும் 'இந்த்ரோயிபோ அத் அல்தாரே தேயி' என்று யாராவது தொடங்கினால் பதிலை ஒரே மூச்சில் ஒப்பிப்பார். என்னப்பா அர்த்தம் என்றால், 'அது சாமியாருக்குத் தெரியும்டா' என்பார். சாமியார் பீடத்தில் லத்தீனில் பூசை வைத்துக்கொண்டிருக்க, கீழே பெண்கள் தமிழில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்களாம். பிரசங்கம் தமிழ், சிலுவைப் பாதை தமிழ், சப்பரத்துக்கு முன்னால் பாடுகிற பாட்டு தமிழ். பூசைதான் லத்தீனில் இருந்தது, பக்தி அப்போதும் தமிழில்தான் இருந்தது.

உங்களுக்கு வேண்டியது அந்த அமைதி என்றால் கீழவெளி வீதிப் பேராலயத்துக்குக் கிழமை நாள் காலையில் போய் உட்காருங்கள். ஒரு மாதம் போய்விட்டு அப்புறம் எழுதுங்கள், பேசுவோம்.

ஓரியூர் போகிறோம். இடைக்காட்டூரும் சேர்த்துப் பார்க்கலாமா?
- அனுப்பானடி

பாருங்கள். மதுரையிலிருந்து 36 கிலோமீட்டர், ராமேஸ்வரம் சாலையில் போய்த் திரும்ப வேண்டும். பிரெஞ்சுக்காரரான பெர்டினாண்ட் செல் அடிகள் பிரான்சிலுள்ள ரைம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்து 1894இல் கட்டிய திரு இருதய ஆலயம். செங்கல் வேலைப்பாட்டைப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். முதலில் ஓரியூர் போய்விட்டு, திரும்பும்போது சாயங்கால வெயிலில் பாருங்கள்.

பூசைக்கு முன்னால் டீ குடித்தால் நன்மை (நற்கருணை) வாங்கக் கூடாதா? என் கணவருக்குச் சர்க்கரை.
- அவனியாபுரம்

கணக்கு பூசை தொடங்குகிற நேரத்திலிருந்து இல்லை, நற்கருணை வாங்குகிற நேரத்திலிருந்து. அதற்கு முன்னால் ஒரு மணி நேரம். ராத்திரி பன்னிரண்டிலிருந்து பச்சைத் தண்ணீர் கூடப் படாமல் இருந்ததெல்லாம் நம் தாத்தா காலம். 1957இல் அது மூன்று மணி நேரமானது, 1964இல் ஒரு மணி நேரம். தண்ணீரும் மருந்தும் கணக்கிலேயே வராது. உங்கள் கணவரைப் போல நோயாளிகளுக்கும், வயதானவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கட்டாயமில்லை. அவர் டீயோடு இரண்டு பிஸ்கட்டும் சாப்பிடட்டும். நீங்களும்தான் அவரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், ஒரு டம்ளர் குடித்துவிட்டே கிளம்புங்கள்.