இரண்டு குடும்ப மரங்களை ஒன்றாக்கிய பிறகு ஒரு கிளையை மட்டும் பிரிக்க முடியுமா?

முடியும். சேர்ப்பது எளிது, தப்பாகச் சேர்த்ததைப் பிரிப்பதுதான் தலைவலி. அதனால் முதலில் இரண்டு கோப்புகளுக்கும் நகல் எடுத்து வையுங்கள்.

கிராம்ப்ஸ் என்ற குடும்ப மர மென்பொருளில் ஒரு மரத்தைத் திறந்து, மற்றதன் கெட்காம் கோப்பை (குடும்ப மர விவரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் கோப்பு வகை) இறக்குமதி செய்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்துவிடும். ஒன்றாகிவிட்டன என்று நினைக்காதீர்கள். இரண்டிலும் இருந்த பாட்டி இப்போது இரண்டு பாட்டிகளாக நிற்பார். அந்த இரு பதிவுகளையும் தேர்ந்தெடுத்து நீங்கள்தான் இணைக்க வேண்டும். ஒரே ஆளாக இருக்கக்கூடியவர்களைத் தேடித் தரும் கருவி உண்டு, ஆனால் அது சொல்வது ஊகம்தான். ஒரே பெயர் தலைமுறைதோறும் திரும்ப வரும் குடும்பமென்றால் பிறந்த ஆண்டையும் பெற்றோரையும் பார்க்காமல் இணைக்கவே கூடாது. தாத்தாவும் பேரனும் ஒரே ஆளாகிவிடுவார்கள்!

பிரிக்க, ஏற்றுமதியின்போது ஒருவரின் வழித்தோன்றல்களை மட்டும் வடிகட்டுங்கள். வாழ்க்கைத் துணைகளையும் சேர்க்கும் வடிகட்டியா என்று பாருங்கள், இல்லையென்றால் மருமக்கள் காணாமல் போவார்கள்.

அப்புறம், கெட்காம் 5.5.1 கோப்புக்குள் புகைப்படங்கள் வராது, அவை இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டுமே வரும். 2021-இல் வந்த 7.0-இல் படங்களையும் சேர்த்துப் பொதியலாம். பழைய பதிப்பென்றால் படக் கோப்புறையைத் தனியே நகலெடுங்கள்.